பத்தொன்பது அரைநாட்கள்

வங்கித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், சும்மா இருப்பானேன் என்று நான் சேர்ந்த வேலை அது. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டவனில்லை. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு சேலத்திலிருந்து பஸ் ஏறி, தொப்பூர் கணவாயைக் கடந்து, நல்லம்பள்ளிக்கு அப்பால் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கல்லூரியில் வந்து இறங்கினேன். ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்திய கல்லூரி. இன்று அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை. எண்பதுகளின் நடுவில் அது ஓட்டுக் கட்டடம் இரண்டும் தளம் போட்ட கட்டடம் ஒன்றுமாகப் புளிய மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை வாங்கித் தாளாளர் அறையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆசிரியர்கள் பாதி ஆண்டில் விட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எஸ்.எஸ்.எல்.சி. முதல் எம்.எஸ்ஸி. வரை நான் படித்த படிப்பு முழுவதும் அந்தப் பச்சை பீரோவுக்குள் போய்விட்டது. அடுத்த வருஷம் வங்கியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. போய்க் கேட்டேன். தாளாளர் ஊரில் இல்லை என்றார்கள். மறுநாள் கேட்டேன், சாவி அவரிடம் இருக்கிறது என்றார்கள். அவர் திரும்பி வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து மூன்று நாளாகியிருந்தது. "அதுக்கென்னங்க, அடுத்த வாட்டி போய்க்கலாம்" என்றார் அவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு நான் வகுப்பில் மனிதனாக நடந்துகொள்ளவில்லை. நான் மாட்டிக்கொண்ட ஆத்திரத்தையெல்லாம் எனக்குக் கீழே இருந்தவர்களிடம் காட்டினேன். அவர்களும் பாவம், கணக்கு வாத்தியார் என்றால் இப்படித்தான் இருப்பார் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டார்கள்.

எங்கள் கல்லூரியில் டியூட்டர் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இருபது இருபத்தைந்து மாணவர்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆசிரியர்தான் அவர்களுக்கு டியூட்டர். படிப்பில் தடுமாறினால் என்ன ஏது என்று கேட்க வேண்டும், வீட்டுச் சூழ்நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆலோசனை சொல்ல வேண்டும். மாணவர்களுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருக்க வேண்டும் என்றுகூடக் கல்லூரிக் கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சாப்பிடுவதற்கு மெஸ் எது, துணி வெளுக்க ஆள் யார் என்பதைத் தாண்டி என் வாழ்க்கையைப் பற்றி எனக்கே எந்த முடிவும் எடுக்கத் தெரியாது. இந்த லட்சணத்தில் நான் இருபத்திரண்டு பேருக்குத் தாயும் தகப்பனும்.

நடைமுறையில் டியூட்டர் வேலை என்பது கையெழுத்துப் போடுவதுதான். லீவு லெட்டரில் கையெழுத்து, ஸ்காலர்ஷிப் படிவத்தில் கையெழுத்து, பஸ் பாஸ் விண்ணப்பத்தில் கையெழுத்து. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு ஒன்று உண்டு. அதில் 'குடும்பச் சூழ்நிலை' என்ற இடத்துக்கு நேராக நான் முக்கால்வாசிப் பேருக்கு 'விவசாயம்' என்று எழுதி வைத்திருந்தேன். விசாரித்து எழுதியதல்ல. அந்த வட்டாரத்தில் வேறென்ன இருக்கப்போகிறது என்று முதல் நாளே உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒரு பெண். பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் இருந்த நான்கு பெண்களில் ஒருத்தி. ஊர் கணவாய்க்குக் கீழே, தொப்பூரை ஒட்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கிறிஸ்தவ கிராமம். அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் முதல் அவருக்கு, அதாவது முதல் பாடவேளைக்கு, நேரத்துக்கு வர மாட்டாள் என்பது மட்டும்தான்.

சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் அவள் ஏறுவாள். அந்த பஸ் கணவாயில் ஏறி மேலே வர வேண்டும். கணவாய் சும்மா இருந்தால் ஒன்பதேகாலுக்குக் கல்லூரி வாசலில் இறங்கிவிடலாம். ஆனால் அது என்றைக்குச் சும்மா இருந்தது? வளைவில் ஒரு லாரி குறுக்கே நிற்கும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காமல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அன்றைக்கு பஸ் பத்து மணிக்கு வரும். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் அதே பஸ்ஸில் வருவான். அவனும் அதே வகுப்பு, அவனுக்கும் நான்தான் டியூட்டர்.

முதல் அவர் ஒன்பதரைக்கு. பெரும்பாலான நாட்களில் அது என்னுடையது, அல்ஜீப்ரா. மணி அடித்ததும் பெயர் கூப்பிட்டு முடித்து அட்டெண்டென்ஸை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் உள்ளே வந்து உட்காரலாம், பாடம் கேட்கலாம், ஆனால் வருகை கிடையாது. உட்கார விடுவதே என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் அவர் வருகை இல்லையென்றால் காலை முழுவதும் வரவில்லை என்று அர்த்தம், அரைநாள் போயிற்று. இது கல்லூரி விதி. மற்ற ஆசிரியர்கள் கண்டும் காணாததுமாகக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். தமிழ்த்துறையில் ஒரு பெரியவர், "பஸ்ஸுல வர்ற புள்ளைங்க சார், போட்டு விட்டுடுங்க" என்று என்னிடம் சொல்லியும் பார்த்தார். கணிதத்தில் போட்டுவிடுவதெல்லாம் கிடையாது என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன்.

அவள் வாசலில் வந்து நிற்பாள். "லாரி சார்" என்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். "தினமும் உனக்காகப் பார்த்து விழுகிற அந்த லாரி எது?" என்று நான் கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு உள்ளே போய் உட்காருவாள். முந்தின பஸ்ஸில் வரச் சொன்னேன் ஒருநாள். அந்த பஸ் காலை ஆறேகாலுக்கு. சரி சார் என்றாள். வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவுமில்லை.

நன்றாகப் படிக்கிற பெண். நன்றாக என்பதற்கு மேலேயே சொல்லலாம். ஒருமுறை நான் கரும்பலகை முழுக்க எழுதி நிரூபித்த ஒரு தேற்றத்தை, எழுந்து நின்று, "இப்படியும் வருமா சார்?" என்று கேட்டு நாலு வரியில் முடித்தாள். வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. "சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவளைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் இவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் கார்டு போடுவார்கள். வருகை குறைந்த மாணவர்களின் வீட்டுக்கு டியூட்டர் கையெழுத்துடன் ஒரு தபால் கார்டு. வாசகம் அச்சடித்தே இருக்கும்: 'தங்கள் மகன் / மகள் கீழ்க்கண்ட நாட்களில் கல்லூரிக்கு வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' தேதிகளையும் முகவரியையும் ஆபீஸ் கிளார்க் எழுதிக்கொண்டு வருவார். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். அந்த முறை எனக்குப் பதினொரு கார்டுகள். அவளுடையதில் பத்தொன்பது தேதிகள் வரிசையாக இருந்தன. எல்லாமே அரைநாட்கள். ஆனால் கார்டில் அரைநாள் என்று எங்கேயும் இல்லை. கிளார்க்கிடம் கேட்டேன். "அதெல்லாம் எழுத அதுல எடம் ஏதுங்க சார்?" என்றார். இடம் இல்லைதான். பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தபால் கார்டு என்பது யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எழுதுகிற கடிதம். ஊருக்குள் வந்த கார்டைத் தபால்காரர் படிப்பார், டீக்கடையில் இருப்பவர்கள் படிப்பார்கள், கடைசியாகத்தான் முகவரியில் இருப்பவர் படிப்பார். தினமும் காலையில் சோற்று டப்பாவோடு பஸ் ஏறிப் போகிற பெண் பத்தொன்பது நாள் காலேஜுக்கே போகவில்லையாம் என்று அந்த ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அவள் அப்பாவுக்குத் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் வரவில்லை. கணவாயில் லாரி எதுவும் விழவில்லை, ஏனென்றால் அந்தப் பையன் நேரத்துக்கு வந்தான். வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். கார்டு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம், காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருக்கிறாளாம். பையனையும் விசாரித்தேன். அவனுக்கும் கார்டு போயிருந்தது. அவன் அப்பா அதைப் படித்துவிட்டு, எந்தத் தியேட்டரில் என்ன படம் என்று கேட்டுச் சிரித்தாராம். அவ்வளவோடு சரி.

அன்று மாலை ஆசிரியர் அறையில் எல்லோரும் போன பிறகு அட்டெண்டென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய பத்தொன்பது நாட்களையும் பென்சிலால் குறித்தேன். பிறகு அந்தப் பையனுடைய வரிசையைப் பார்த்தேன். அதே பத்தொன்பது நாட்களும் அவனுக்கும் ஆப்சென்ட். கூடுதலாக இரண்டு நாள், காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்தவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, சந்தோஷத்தில். இது நிரூபணம் அல்லவா? அவள் தன்னிஷ்டத்துக்குத் தாமதமாக வந்திருந்தால் நாட்கள் மாறியிருக்க வேண்டும். அதே பஸ்ஸில் வரும் இன்னொருவனுக்கும் அதே நாட்களில் தாமதம் என்றால், தப்பு பஸ் மேல். அவள் பொய் சொல்லவில்லை. லாரி உண்மையிலேயே விழுந்திருக்கிறது. இதை அவள் அப்பாவிடம் காட்டிவிட்டால் போதும், திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருப்பாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக என் கணிதம் ஒரு மனுஷிக்கு உபயோகப்படப் போகிறது என்று தலைகால் புரியவில்லை எனக்கு. டியூட்டர் என்ற வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது போல இருந்தது. அட்டெண்டென்ஸைக் கல்லூரிக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. சனிக்கிழமை அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தொப்பூரில் இறங்கி மண் ரோட்டில் ஒன்றரை மைல் நடை. போய்ச் சேர்ந்தபோது கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஊர் மொத்தமும் வெள்ளை வேட்டியும் நல்ல புடவையுமாக வாசலில் நின்றது. நான் நேராக அவர்களிடம் போய் அவள் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டேன். பேச்சு நின்றது. கல்யாணமாகாத பெண்ணின் பெயரைச் சொல்லி அங்கே யாரும் வீடு கேட்பதில்லை, அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அட்டெண்டென்ஸில் அவர் ஒற்றை எழுத்தாக இருந்தார். முகவரி எழுதியது கிளார்க். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழி காட்டினார். நாலைந்து பேர் என் பின்னாலேயே வந்தார்கள்.

ஓட்டு வீடு. முற்றத்தில் காலித் தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. பூசைக்குப் போய்வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்தது. அவளுடைய அப்பா ஒல்லியான மனிதர், நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். அவருடைய அண்ணன், அதாவது அவளுடைய பெரியப்பா, எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். பாலக்கோடு மார்க்கெட்டில் தரகு பார்க்கிறவராம், பேச்சில் அந்தப் பழக்கம் தெரிந்தது. அவள் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவள் சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

அப்பா, "அது ஒண்ணுமில்லீங்க சார், நாங்களே..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் நான் விளக்குகிறேன் என்று செய்தித்தாளைப் பிரித்து அட்டெண்டென்ஸை எடுத்தேன். சமையல்கட்டு வாசலிலிருந்து அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. பயப்படுகிறாள் என்று நினைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணால் ஜாடை வேறு காட்டினேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு விளக்கினேன். பஸ் தாமதம், முதல் அவர், அரைநாள், எல்லாம். யாருக்கும் பெரிதாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. சரி, நிரூபணத்தைக் காட்டிவிடலாம் என்று என் விரலை அவள் பெயரில் வைத்து, பிறகு இன்னொரு பெயருக்கு நகர்த்தினேன்.

"அது யாருங்க?" என்றார் பெரியப்பா.

"அதே பஸ்ல வர்ற பையன். பக்கத்து ஊருதான். இவங்க என்னிக்கெல்லாம் வரலையோ அன்னிக்கெல்லாம் அவனும் வரலை. பத்தொன்பது நாளும் அப்படியே ஒத்துப்போகுது. ஒரு நாள்கூட மாறலை, பாருங்க."

ஜெயித்துவிட்ட குரலில்தான் சொன்னேன். அவள் அம்மா கையிலிருந்த காப்பித் தட்டைக் கீழே வைத்தார். பெரியப்பா பாயிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தேதியெல்லாம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒருக்கா படிங்க சார்" என்றார்.

படித்தேன். ஆகஸ்ட் ஆறு, இரண்டு பேரும் இல்லை. ஆகஸ்ட் பதினொன்று, இரண்டு பேரும் இல்லை. ஏழாவது தேதியோ எட்டாவது தேதியோ படிக்கும்போதுதான் நான் என்ன படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குக் காதில் விழுந்தது. நிறுத்தினால் மறைக்கிறேன் என்று ஆகிவிடும். தொடர்ந்தால் நானே என் வாயால் அவளைப் புதைக்கிறேன். ஒரு மனிதனால் தன் இரண்டு காலையும் தானே கட்டிக்கொண்டு நிற்க முடியுமென்றால் அன்றைக்கு நான் அப்படி நின்றேன். பத்தொன்பதையும் படித்து முடித்தேன். கடைசி நாலைந்து தேதிகள் வெளியே நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு தாழ்ந்துவிட்டது குரல்.

இல்லைங்க, நீங்கள் நினைப்பது போல இல்லை, இரண்டு பேருமே கல்லூரிக்கு வந்தார்கள், தாமதமாக வந்தார்கள், என் கண்ணெதிரேதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பதறினேன்.

"உள்ள உக்கார வெச்சிக்கிட்டா வரலேன்னு எழுதுவீங்க?" என்றார் பெரியப்பா.

"ஆமாங்க."

"வரலேன்னு கார்டுலயும் கையெழுத்து போடுவீங்க?"

"ஆமாங்க."

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணை வரவில்லை என்று எழுதுகிற ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று புத்தியுள்ள யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் மட்டும்தான் அதை விதி என்று பெயர் வைத்து நம்பிக்கொண்டிருந்தோம்.

கார்டு எத்தனை பேருக்குப் போட்டீர்கள் என்று அடுத்துக் கேட்டார். பதினொன்று என்றேன். மற்ற பத்து வீட்டுக்கும் போய்வந்துவிட்டீர்களா என்றார். இல்லை என்றேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நன்றாகப் படிக்கிற பெண், படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று நான் சொன்னேன். ஒரு வருஷமாக அவள் முகத்துக்கு நேராகச் சொல்லாததை அந்த நேரத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அது எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமையல்கட்டு வாசலில் அவள் இல்லை.

அவள் அப்பா என்னை மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க சார், எனக்குத் தெரியுது. ஆனா இத்தன பேரு கேட்டுட்டாங்களே."

திங்கட்கிழமை நான் முதல்வர் அறையில் நின்றேன். விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அட்டெண்டென்ஸை வெளியே கொண்டுபோனது ஒரு குற்றம், மாணவி வீட்டுக்குத் தனியாகப் போனது இன்னொரு குற்றம். கார்டு போட்டதோடு என் வேலை முடிந்துவிட்டதாம். அந்தப் பெண் அந்த நாட்களில் தாமதமாக வந்தாள், வராமல் இருக்கவில்லை என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள், தபாலில் அனுப்பிவிடலாம் என்று கெஞ்சினேன். அப்படிக் கொடுத்தால் பதிவேடு பொய்யென்று ஆகும், பல்கலைக்கழகத்துக்கு யார் பதில் சொல்வது என்றார். அந்தப் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்றும் கேட்டார். கடைசியில், உங்கள் சர்டிஃபிகேட்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதல்லவா என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஞாபகம் இருந்தது.

நானே என் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். கல்யாணமாகாதவன் அந்த வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை யார் எப்படிப் படிப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தாவரவியலில் இருந்த அம்மையாரைப் போய்ப் பேசச் சொல்லிக் கேட்டேன். எனக்கு அக்கா மாதிரி இருந்தவர். இனி யார் போனாலும் அந்தப் பேச்சுதான் வளரும், விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னார். பேசினாலும் அவளுக்குக் கெடுதல், பேசாவிட்டாலும் கெடுதல். என் கோபம் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. தாமதமாக வருகிற எல்லோருக்கும் வாய் திறக்காமல் வருகை போட ஆரம்பித்தேன். யாரும் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அந்தப் பையனை அவள் ஊர் ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் மடக்கி விசாரித்தார்களாம். பாவம், அவன் அவளோடு ஒழுங்காகப் பேசியதுகூட இல்லை. பயந்துபோய் தருமபுரியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு அங்கிருந்து வர ஆரம்பித்தான். மறு வருஷம் நல்ல மார்க்கோடு பட்டம் வாங்கினான்.

மூன்று வாரம் கழித்து அவள் டி.சி. வாங்க வந்தாள். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று கிளார்க் சொன்னார். பெரியப்பா வெளியே புளிய மரத்தடியில் நின்றார். அப்பா ஆசிரியர் அறை வாசல் வரை வந்து, உள்ளே வராமல், வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டி.சி. வாங்குகிறவர்கள் நூலகம், ஆபீஸ், துறைத்தலைவர் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். கடைசிக் கையெழுத்து டியூட்டருடையது. மற்ற எல்லாக் கையெழுத்தும் வாங்கிய படிவத்தை அவள் என் மேஜைமேல் வைத்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் தக்காளிக் காம்பின் பச்சைக் கறை.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் உனக்கு நல்லது பண்ணணும்னுதாம்மா வந்தேன்" என்றேன்.

"தெரியுங்க சார்" என்றாள். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கார்டு வந்த அன்னிக்கி அப்பா கத்துனாருங்க. அப்புறம் காட்டுல வேல செஞ்சிக்கிட்டே நாலஞ்சு நாளா கொஞ்சங்கொஞ்சமா சொல்லிச் சொல்லி அவர ஒத்துக்க வெச்சிட்டேன். சனிக்கெழம பொழுதோட, திங்கக்கெழமயிலிருந்து போம்மான்னு சொல்லிட்டாரு. ஆறேகால் பஸ்ஸுக்கு நானே வந்து ஏத்தி விடறேன்னு சொன்னாரு. மறுநாளு நீங்க வந்துட்டீங்க."

அதில் கோபமே இல்லை. அன்றைக்கு நாலு வரியில் தேற்றத்தை முடித்தாளே, அதே குரல். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பேனாவை எடுத்தேன். டியூட்டர் நிரப்ப வேண்டிய பகுதி படிவத்தின் அடியில் இருந்தது. 'விலகும் காரணம்' என்பதற்கு நேராகப் பெற்றோர் விருப்பம் என்று கிளார்க்கே எழுதியிருந்தார். அதற்குக் கீழே அச்சில் இன்னொரு வரி: 'மாணவருக்கு டியூட்டரின் உதவியும் ஆலோசனையும் வழங்கப்பட்டதா? ஆம் / இல்லை.' பொருந்தாததை அடிக்க வேண்டும். அதை நிரப்பாமல் கொடுத்தால் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவள் மறுபடி ஒருமுறை அங்கே வந்து என் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் 'இல்லை' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.